சுகர், பிரஷர் இருக்கும்போது ஹெல்த் இன்சூரன்ஸ்: க்ளைம் மறுக்கப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்கு மறுப்புக் கடிதம் வந்தால், அதை நோயாளியின் வீட்டாரிடம் எடுத்துச் சொல்வது என் வேலை. ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்ற காரணத்தைத்தான் அதில் அடிக்கடி பார்க்கிறேன். முன்னாலேயே கவனித்திருந்தால் அவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

முதலில் எது அந்த நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாலிசி தொடங்கும் தேதிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்தது, அல்லது அந்த 36 மாதத்துக்குள் டாக்டரிடம் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றது. இது இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்த கணக்கு. சுகர் கண்டுபிடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தாலும், இன்றும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஓடுகிறது என்றால் இதில் அடங்கும்.

ஆனால் பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்கும் ப்ரொபோசல் ஃபார்மில் இந்த 36 மாதக் கணக்கைப் போடாதீர்கள். அங்கே கேள்வி இன்னும் அகலமாக இருக்கும்: எப்போதாவது ஆபரேஷன் நடந்ததா, இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். கேட்டதற்கு உள்ளதை எழுதுங்கள். தைராய்டு மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பழைய ஸ்டென்ட் எல்லாமே. “சுகரை எழுதினா பிரீமியம் ஏறும், விட்டுடலாம் சார்” என்று ஏஜென்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். க்ளைம் நாளில் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். பாலிசி கைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் ஃபார்ம் நகலைப் படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுத்தில் திருத்தக் கேளுங்கள். பாலிசியே வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு.

சொல்லிவிட்டால் என்ன பலன்? காத்திருப்புக் காலம் முடிந்ததும் அந்த நோய்க்கும் க்ளைம் கிடைக்கும். 2024 ஏப்ரல் முதல் அந்தக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு 48. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இதைக் குறைக்கும் பாலிசிகளும் உண்டு. காத்திருக்கும் காலத்தில் அந்த நோய்க்கும் அதன் நேரடி விளைவுகளுக்கும்தான் தடை. சுகர்காரருக்குக் காலில் புண் வந்தால் மறுப்பார்கள். டெங்கு வந்தாலோ விபத்தில் எலும்பு முறிந்தாலோ சுகரைச் சொல்லி நிறுத்த முடியாது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்பு இருக்கும். காப்பீட்டுத் தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு எல்லாக் கணக்கும் புதிதாகத் தொடங்கும்.

இனி, யாரும் கவனிக்காத இடம் ஒன்று: கேஷுவாலிட்டி. ராத்திரி நெஞ்சுவலியோடு அப்பாவைக் கொண்டுவருகிறார்கள். டியூட்டி டாக்டர், “சுகர் எத்தனை வருஷமா?” என்கிறார். பதற்றத்தில் மகன், “அது ஒரு அஞ்சாறு வருஷமா இருக்கும் டாக்டர்” என்கிறார். உண்மையில் கண்டுபிடித்தது போன வருஷம், பாலிசி எடுத்து மூன்று வருஷம். கேஸ் ஷீட்டில் ‘டிஎம் (அதாவது சுகர்), 6 ஆண்டுகள்’ என்று ஏறிவிடுகிறது. அதுவே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போகிறது. கம்பெனிக்கு அந்த ஒரு வரி போதும், மறைத்ததாகச் சொல்லிவிடும். அதன் பிறகு முதல் லேப் ரிப்போர்ட்டையும் முதல் மருந்துச் சீட்டையும் தேடி வீடெல்லாம் புரட்ட வேண்டும். ஆகவே, நோய் கண்டுபிடித்த தேதியுள்ள அந்த முதல் சீட்டைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வையுங்கள். டாக்டர் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், சீட்டைக் காட்டுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் சம்மரியைப் படியுங்கள். தவறு இருந்தால் ஆதாரத்தைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னவருக்குச் சட்டம் துணை நிற்கும். சுகர் இருப்பதைச் சொல்லி வெளிநாட்டுப் பயண மெடிக்ளைம் எடுத்த ஒருவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு வந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கம்பெனி கைவிரித்தது. உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்தபின் அதையே காட்டி மறுக்க முடியாதென்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தவிர, 60 மாதம் விடாமல் பாலிசி ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததாகச் சொல்லி க்ளைமை மறுக்க முடியாது. அதனால் ரினியூவலைத் தவற விடாதீர்கள். கம்பெனி மாற வேண்டுமென்றால், புதிதாக எடுக்காமல் இருக்கும் பாலிசியையே அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் ‘போர்ட்’ செய்யுங்கள், காத்திருந்த காலம் கூடவே வரும்.

மறுத்துவிட்டால் எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். மறுப்புக் கடிதம், ப்ரொபோசல் ஃபார்ம் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அந்த முதல் சீட்டு, நான்கையும் சேர்த்து வையுங்கள்.