இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை இன்றைய கணினியில் இயக்குவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

1982 ஏப்ரலில் பிரிட்டனில் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 16 கிலோபைட் நினைவகத்துடன் 125 பவுண்டுக்கும் 48 கிலோபைட் நினைவகத்துடன் 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டது. ரப்பரால் ஆன 40 விசைகள், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலி, திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டர்: இவ்வளவுதான் அந்தக் கணினி. அதை எமுலேட்டர், அதாவது பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளின் துணையோடு எழுப்பி, கையால் இரண்டு சிறு நிரல்களைத் தட்டி, பின்னர் கேசட்டிலிருந்து ஒரு விளையாட்டை அந்தக் காலத்து வேகத்திலேயே ஏற்றுவதை இங்கே பார்க்கலாம். விளையாட்டை மட்டும் திறந்து ஆடிவிட்டு மூடுபவருக்கு அந்தக் காலத்தின் பாதிதான் கிடைக்கிறது. விசைகளைத் தேடித் தட்டுவதும் பொறுமையாகக் காத்திருப்பதும்தான் மறுபாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் படி: எமுலேட்டரை நிறுவுதல்

ஃபியூஸ் என்ற எமுலேட்டரைப் பரிந்துரைக்கிறேன். இது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஸ்பெக்ட்ரத்தின் உள்ளே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்த அடிப்படை மென்பொருளான 16 கிலோபைட் ரோம் இல்லாமல் எந்த எமுலேட்டரும் வேலை செய்யாது. 1986-இல் சின்கிளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அந்த ரோமை எமுலேட்டர்களுடன் சேர்த்து வழங்க அனுமதி அளித்திருப்பதால் இதில் சட்டச் சிக்கல் இல்லை. சில லினக்ஸ் பதிப்புகளில் மட்டும் ரோம் தனிப் பொதியாக இருக்கும். அதையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள்.

ஃபியூஸைத் திறந்ததும் வெள்ளைத் திரையின் அடியில் 1982 என்ற ஆண்டுடன் சின்கிளேர் நிறுவனத்தின் பதிப்புரிமை வரி தோன்றும். வேறொன்றும் நடக்காது. கணினி உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். என்டர் விசையைத் தட்டினால் கீழ்மூலையில் கே என்ற ஆங்கில எழுத்து மின்னத் தொடங்கும்.

இரண்டாம் படி: விசைப்பலகையைப் பழகுதல்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஸ்பெக்ட்ரத்தில் பேசிக் என்ற நிரல்மொழியின் கட்டளைச் சொற்களை எழுத்தெழுத்தாகத் தட்டுவதில்லை. கே மின்னும்போது ஒரு விசையை அழுத்தினால், அந்த விசைக்கு உரிய முழுச் சொல்லும் திரையில் வந்து விழும்: ஜே விசைக்கு லோட், ஆர் விசைக்கு ரன், ஜி விசைக்கு கோ டூ, எம் விசைக்கு பாஸ், ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான பி-க்கு பார்டர். சொல் வந்ததும் மின்னும் எழுத்து கே-யிலிருந்து எல்-ஆக மாறும். அதன் பிறகு விசைகள் வழக்கமான எழுத்துகளையே தரும். ஒவ்வொரு கட்டளைச் சொல்லும் நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டில் அடங்கியது. ரப்பர் விசைகளில் நீண்ட சொற்களைத் தட்டும் சிரமமும் குறைந்தது.

இரண்டு ஷிஃப்ட் விசைகள் உண்டு. கேப்ஸ் ஷிஃப்ட்டுக்கு உங்கள் விசைப்பலகையின் ஷிஃப்ட்டும், சிம்பல் ஷிஃப்ட்டுக்கு கன்ட்ரோல் விசையும் பயன்படும். காற்புள்ளி வேண்டுமென்றால் சிம்பல் ஷிஃப்ட்டுடன் என், கழித்தல் குறிக்கு சிம்பல் ஷிஃப்ட்டுடன் ஜே.

மூன்றாம் படி: முதல் நிரல்

10 என்று தட்டி, பார்டர் விசையை அழுத்தி, 2 என்று தட்டி என்டர் கொடுங்கள். அடுத்து 20, பாஸ், 25. பிறகு 30, பார்டர், 5. பிறகு 40, பாஸ், 25. கடைசியாக 50, கோ டூ, 10. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் தேவை. ஏதேனும் வரியில் பிழை இருந்தால் கணினி அதை ஏற்காமல், பிழை உள்ள இடத்தில் கேள்விக்குறியை மின்னச் செய்யும், அழித்துவிட்டுத் திருத்துங்கள். பிறகு ஆர் விசையைத் தட்டி என்டர் கொடுத்தால், திரையின் விளிம்பு அரை நொடிக்கு ஒருமுறை சிவப்பும் வெளிர்நீலமுமாக மாறி மாறித் தோன்றும். பாஸ் கட்டளையின் எண், நொடிக்கு 50 முறை வரையப்படும் தொலைக்காட்சிப் படத்தின் எண்ணிக்கை என்பதால் 25 என்பது அரை நொடியாகிறது. இந்த இரண்டு நிறங்களையும் நினைவில் வைத்திருங்கள், ஐந்தாம் படியில் அவை மீண்டும் வரும். நிறுத்துவதற்கு ஷிஃப்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துங்கள்.

நான்காம் படி: நிறங்கள் மோதுவதைக் காணுதல்

ஏ விசையையும் என்டரையும் தட்டினால் நியூ கட்டளை பழைய நிரலை அழித்துவிடும். இப்போது திரையின் இரு மூலைவிட்டங்களை வரையப் போகிறோம். கியூ விசை பிளாட், டபிள்யூ விசை டிரா. வரி 10-இல் பிளாட் 0,0 என்றும் வரி 20-இல் டிரா 255,175 என்றும் கொடுங்கள். வரி 30-இல் இங்க் 2 என்று வர வேண்டும். இங்க் என்ற சொல்லுக்கு இரண்டு ஷிஃப்ட்டுகளையும் ஒருசேர அழுத்தி விட்டு, பின் சிம்பல் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி எக்ஸ் விசையைத் தட்ட வேண்டும். வரி 40 பிளாட் 0,175. வரி 50 டிரா 255,-175.

இயக்கிப் பாருங்கள். முதல் கோடு கறுப்பு, இரண்டாவது சிவப்பு. ஆனால் அவை வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியில் கறுப்புக் கோட்டின் ஒரு துண்டும் சிவப்பாக மாறியிருக்கும். இது உங்கள் பிழையன்று. 256-க்கு 192 புள்ளிகள் கொண்ட திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் அடங்கிய 768 கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறங்கள், அதாவது எழுத்து நிறம் ஒன்றும் பின்னணி நிறம் ஒன்றும், என வகுத்திருந்தார்கள். புள்ளிகளுக்கு 6144 பைட், நிறங்களுக்கு 768 பைட், ஆக 6912 பைட்டில் முழு வண்ணத் திரையும் அடங்கிவிட்டது. 1984-இல் வந்த நைட் லோர் விளையாட்டு, ஆடுகளம் முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்து இந்த மோதலைத் தவிர்த்தது. ஒரு தடை ஒரு கலைப்பாணியாக மாறிய இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஐந்தாம் படி: கேசட்டிலிருந்து ஏற்றுதல்

விளையாட்டுகளின் பதிப்புரிமை ரோமைப் போன்றதன்று. ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர் உண்டு. ஆகவே ஆக்கியவர்களே பகிர அனுமதித்த விளையாட்டுகளையோ, இன்றும் ஆர்வலர்கள் ஸ்பெக்ட்ரத்துக்காகப் புதிதாக எழுதி இலவசமாக வழங்கும் விளையாட்டுகளையோ தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயர் டிஏபி (tap) அல்லது டிஇசட்எக்ஸ் (tzx) என்று முடியும்.

முதலில் ஃபியூஸின் விருப்பங்கள் பட்டியலில் தானாக ஏற்றுதல், விரைவாக ஏற்றுதல், டேப் ட்ராப் (டேப்பை ஓட்டாமலே நொடியில் ஏற்றிவிடும் குறுக்குவழி) ஆகியவற்றை நிறுத்திவிட்டு, ஏற்றும்போது ஒலி கேட்கும் தேர்வை இயக்குங்கள். பிறகு ஜே விசையைத் தட்டி, சிம்பல் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி, மேல் எழுத்து வரிசையின் கடைசியில் உள்ள பி விசையை இருமுறை தட்டி என்டர் கொடுங்கள். லோட் என்ற சொல்லும் வெற்று மேற்கோள் குறிகளும் தோன்றும். கேசட்டில் முதலில் எது வருகிறதோ அதை ஏற்று என்பது அதன் பொருள். இப்போது எஃப்7 அழுத்தி விளையாட்டுக் கோப்பைத் திறங்கள். டேப் தானாக ஓடத் தொடங்காவிட்டால் எஃப்8 அழுத்துங்கள்.

விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமான பட்டைகள் ஓட, ஒரே சீரான ஒலி சில நொடிகள் நீடிக்கும். தரவு வரப்போகிறது என்று கணினிக்கு அறிவிக்கும் முன்னொலி அது. பின்னர் பட்டைகள் நீலமும் மஞ்சளுமாகி, ஒலி கரகரக்கும். அந்தக் கரகரப்புதான் நிரல். சுழியத்துக்கு ஒரு நீளத் துடிப்பு, ஒன்றுக்கு அதைப்போல் இருமடங்கு நீளத் துடிப்பு என எழுதப்பட்டதை, செயலி ஒவ்வொன்றாக அளந்து பைட்டுகளாக்குகிறது. துடிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் விளிம்பின் நிறத்தையும் மாற்றுகிறது. அதாவது, கேட்கும் அதே தரவைக் கண்ணாலும் பார்க்கிறீர்கள்.

முகப்புப் படம் ஏறுவதற்கு ஏறத்தாழ 40 நொடிகள் ஆகும். அது மேலிருந்து கீழாக ஒழுங்காக நிரம்பாது. மேல் மூன்றில் ஒரு பகுதியில் எட்டு எட்டு வரிகள் இடைவெளி விட்டுக் கோடுகள் விழுந்து, ஜன்னல் திரையின் பட்டிகளைப் போல இடைவெளிகள் நிறைந்து, பிறகு நடுப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் செல்லும். கடைசி சில நொடிகளில்தான் நிறங்கள் மேலிருந்து பரவும். பெரிய விளையாட்டு முழுதும் ஏற ஐந்து நிமிடம் வரை ஆகலாம். முதன்முறையாவது விரைவுபடுத்தாமல் அமர்ந்து பாருங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடும்போது ஓ இடம், மேல் வரிசையின் பி வலம், கியூ மேல், ஏ கீழ், ஸ்பேஸ் சுடுதல் என்ற அமைப்பைப் பல விளையாட்டுகள் ஏற்கும். இடையில் நிறுத்த நேர்ந்தால் எஃப்2 அழுத்தி அந்தக் கணத்தின் நிலையை ஒரு கோப்பாகச் சேமியுங்கள். மறுநாள் எஃப்3 வழியாக அதைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்தே ஆடலாம்.