சிட்ரா இப்போது கடையில் இல்லை, வீட்டில் போட்டுக்கொள்ளலாம்

அந்தக் காலத்தில் எங்கள் பெட்டிக்கடை ஐஸ்பெட்டியில் லிம்காவும் கோல்ட் ஸ்பாட்டும்தான் முதலில் தீரும். சிட்ரா என்கிற நிறமில்லாத எலுமிச்சை சோடாவைக் கேட்டு வருபவர்கள் நாலைந்து பேர். கல்லாவில் அப்பா அசந்த நேரத்தில் அதைத் திறந்துவிடும் ஆள் நான்.

1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனதும் ரமேஷ் சவுகானின் பார்லே குளிர்பானக் கம்பெனிக்கு மைதானம் காலியாகக் கிடைத்தது. 1993இல் அதே கோகோ கோலா திரும்பி வந்து பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாஸா, சிட்ரா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அவர்களிடம் ஏற்கெனவே ஸ்பிரைட் இருந்தது. கலங்கலான லிம்கா பிழைத்தது. நிறமில்லாத எலுமிச்சை சோடா ஒரே வீட்டில் இரண்டு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். என் கணக்கு அது. 1999இல் ஸ்பிரைட் இங்கே வந்தது, சிட்ரா மெல்லக் காணாமல் போனது.

சரி, செய்முறைக்கு வருவோம். மணம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. நாலு நாட்டு எலுமிச்சை, ஒரு பெரிய மஞ்சள் லெமன் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இரண்டையும் எலுமிச்சை என்றே சொன்னாலும் வாசனை வேறு வேறு. நான் புளியங்குடிப் பழம்தான் வாங்குவேன். கழுவித் துடைத்து, தோலின் மேல்பரப்பை மட்டும் துருவுங்கள். வெள்ளைப் பகுதி தொட்டால் கசப்புதான்.

துருவலை 200 கிராம் சர்க்கரையில் போட்டு விரலால் கசக்குங்கள். கொஞ்ச நேரத்தில் சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகும், கை முழுக்க மணக்கும். இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு 150 மில்லி வெந்நீர் ஊற்றிக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

புளிப்புக்கு முதல் தடவை மூன்று பழம் பிழிந்தேன். அப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டு, “இது லிம்காடா” என்றார். சிட்ராவுக்குச் சாறு வேண்டாம். வடிகட்டிய பாகில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போதும். அப்படியும் கண்ணாடி மாதிரி தெளியாது, லேசாக மங்கும். தோல் எண்ணெய் செய்கிற வேலை அது.

பாகை வைத்திருந்தால் அந்த எண்ணெய் மேலே மிதக்கும், குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். கம்பெனிக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். எண்ணெய் மிதக்காமல் கனமாக்க, புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயைச் சேர்த்தார்கள். பழைய லிம்காவிலும் அது இருந்தது. 1990 வாக்கில் இந்தியாவில் தடை வந்தது. அமெரிக்கா விழித்துக்கொண்டது 2024இல்.

டம்ளருக்கு 40 மில்லி பாகு, மேலே 200 மில்லி சோடா. இரண்டுமே நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், சூட்டில் கேஸ் நிற்காது. பாகை முதலில் விட்டு, டம்ளரைச் சாய்த்து ஓரமாகச் சோடா ஊற்றுங்கள். கரண்டியால் ஒரே ஒரு சுற்று, அவ்வளவுதான். ஐஸ் போடாதீர்கள், எங்கள் கடையிலும் பாட்டிலைத்தான் ஐஸில் புதைத்தோம்.

மீதிப் பாகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.