திரும்பி வராத வாடிக்கையாளர்
கடலூர் மஞ்சக்குப்பத்தில் சோலார் பேனல் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. சிப்காட்டிலிருந்து வந்த ஒருவர், "கடல் காத்துக்கு ஸ்டாண்டு துருப்பிடிக்காதா?" என்றார். பதில் தெரியாமல் விழித்தேன். போனவர் வரவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் 3ஐ/அட்லஸ் வால்மீனைப் பற்றிப் படித்தேன். 2025 ஜூலை 1 அன்று சிலியிலுள்ள தொலைநோக்கி கண்டுபிடித்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது, மறுபடி வராது. அக்டோபர் கடைசியிலேயே சூரியனை நெருங்கிக் கடந்துவிட்டது. அதற்குள் பழைய படங்களைத் தோண்டி, கண்டுபிடிப்பதற்கு முன்பே அது பதிவாகியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

பழைய பதிவு! அது உறைத்தது. கடை வாட்ஸப்பில் முன்பு வந்த வாடிக்கையாளர் கேள்விகளை, பெயரும் எண்ணும் நீக்கி, ஏஐ செயலியில் போட்டேன். "கறாரான வாடிக்கையாளர் மாதிரி என்னைக் கேள்" என்றேன். தினமும் ஷட்டர் திறந்ததும் பத்து நிமிடம். நன்றாகவே குடைந்தது.

ஒருநாள் மானியத் தொகையைத் தப்பாகச் சொன்னது, அதுவும் அவ்வளவு தைரியமாக. அப்புறம் விலை, மானியம் எதையும் அதனிடம் கேட்பதில்லை. கேள்வி கேட்பது மட்டும்தான் அதன் வேலை.

போன வாரம் தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் அதே துருக் கேள்வியோடு வந்தார். துத்தநாக முலாம் பூசிய ஸ்டாண்டையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். சரி, அட்வான்ஸ் எவ்வளவு என்றார்.