ஏடிஹெச்டி: எனக்கு பில் கட்ட வழி கிடைத்த விதம்

பணம் கணக்கில் இருக்கும், போன் கையில் இருக்கும், இபி பில் மட்டும் கட்டாமலே கிடக்கும். முப்பதைத் தாண்டித்தான் டாக்டர் எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) என்று உறுதி செய்தார். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறைப்படி பெரியவர்களுக்கு 5 அறிகுறிகள் போதும், ஆனால் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அம்மாவையும் விசாரித்தார். "இவன் டிபன் பாக்ஸைத் தொலைக்காத வாரமே கிடையாதுங்க டாக்டர்!"

மீதைல்பெனிடேட் எழுதிக் கொடுத்தார். இந்தியாவில் அது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் விற்கப்படுவது; சீட்டு இரண்டு பிரதி வேண்டும், எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. மாத்திரை கவனத்தை நிறுத்தியது சரி, எதன் மேல் என்பதை அது சொல்வதில்லை. பில்லை விட்டுவிட்டு அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கைகொடுத்தது பாடி டபுளிங், அதாவது பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருப்பது. சனிக்கிழமை வீடியோ காலில் தங்கை அவள் வேலையைப் பார்ப்பாள், நான் என்னுடையதை. "அண்ணா, கட்டியாச்சா?" என்று ஒரு தடவை கேட்பாள், அவ்வளவுதான். ஆட்டோபே போட்டால் முடிந்ததே என்பார்கள்; அதைப் போட உட்காருவதும் ஒரு வேலைதானே! அவள் லைனில் இருந்தபோதுதான் அதையும் போட்டேன்.