ஷிப்டு, முகூர்த்தம், இட்டேரி: வேலைக்குப் போய்க்கொண்டே எம்டிபி ரேஸ் ஓட்டுவது எப்படி

கொங்கு நாட்டில் மவுண்டன் பைக் (எம்டிபி) ஓட்டுபவருக்குத் தடத்துக்குப் பஞ்சமில்லை. காங்கேயம் பக்கம் கொறங்காடுகளுக்கு (மேய்ச்சல் நிலங்கள்) நடுவே ஓடும் இட்டேரிகள் (இருபக்கமும் வேலியுள்ள வண்டிப்பாதைகள்), கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரைகள் என்று மண்பாதை கிடக்கிறது. பஞ்சம் நேரத்துக்குத்தான். திருப்பூரில் காலை 8.30க்கு உள்ளே போய், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு 8.30க்கு வெளியே வருபவர், வாரம் 12 மணி நேரப் பயிற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பயனில்லை. 6 மணி நேரம் போதும். அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

அதற்குத் தினசரி காலண்டரை எடுங்கள். முகூர்த்த நாட்களையும் உங்கள் ஊர் நோம்பியையும் (கோயில் திருவிழா) முதலில் குறியுங்கள், ரேஸ் தேதியை அப்புறம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பங்காளி வீட்டுச் சீர், மாமன் வீட்டு விருந்து என்று ஞாயிறு பறிபோகாத மாதங்கள் இவைதான். கடினமான பயிற்சியை இங்கே வையுங்கள்: மூன்று வாரம் படிப்படியாக ஏற்றி, நாலாவது வாரம் நேரத்தைப் பாதியாகக் குறைப்பது. மார்கழியில் கோலம் போட வீடே விடியுமுன் எழுந்துவிடும்; 5 மணிக்கு நீங்கள் கேட்டைத் திறப்பது யார் தூக்கத்தையும் கெடுக்காது.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த மாதம் கிலோமீட்டரைப் பார்க்காமல் நிமிஷத்தையும் இதயத்துடிப்பையும் பார்த்து ஓட்டுங்கள். போகும்போது மேற்கே, வரும்போது கிழக்கே. மாற்றிப் போனால் களைத்த காலோடு எதிர்க்காற்றில் மாட்டி, சொன்ன நேரத்துக்கு வீடு சேர முடியாது. மாசி, பங்குனி நோம்பிகளிலும் சித்திரை வெயிலிலும் உடம்பு இறங்காமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

வாரத்தில் கடினமான நாள் இரண்டுதான்: புதன், ஞாயிறு. செவ்வாய், வியாழன் 45 நிமிஷம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில். திங்களும் சனியும் ஓய்வு.

புதன்கிழமை 15 நிமிஷம் உடம்பைச் சூடேற்றி, 4 நிமிஷ ஏற்றம் நான்கு முறை, நடுவே 3 நிமிஷம் மெதுவாக, கடைசியில் 10 நிமிஷம் தளர்வாக. மொத்தம் 50 நிமிஷம். மருதமலை, சென்னிமலை, சிவன்மலைக் கோயில் ரோடுகள் இதற்குத் தோதானவை. மூன்றும் முருகன் மலை என்பதால் செவ்வாய், கிருத்திகை, சஷ்டியில் கூட்டம் இருக்கும். புதனைச் சொல்வதற்குக் காரணம் அதுதான். கேட் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் ஏற்றத்திலேயே எல்லாவற்றையும் கொட்டுவது பொதுவான தவறு. நாலாவது ஏற்றம் முதலாவதன் வேகத்திலேயே முடிந்தால் அளவு சரி.

ஞாயிறு இரண்டரை முதல் மூன்று மணி நேரம், இட்டேரியிலும் வாய்க்கால் கரையிலும். கடைசி ஒரு மணி நேரத்தில் ரேஸ் வேகத்தில் 15 நிமிஷம் இரண்டு முறை. கிராஸ் கன்ட்ரி ரேஸ் (மேடு பள்ளமான மண்தடத்தில் ஓட்டுவது) கேட்பது களைத்த பிறகும் திருப்பத்தில் கை தடுமாறாமல் இருப்பதைத்தான். தடாகம், ஆனைகட்டி, மருதமலை அடிவாரத்தில் வெளிச்சம் நன்றாக வரும்வரை இறங்காதீர்கள். இரவில் தோட்டத்துக்குள் மேய்ந்த யானை காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் ஓட்டுவது குற்றமும்கூட.

வெள்ளி அரைமணி நேரம் கைப்பழக்கம். காலி இடத்தில் 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு செங்கல் வைத்து எட்டுப் போடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை அடுத்த கல்லின் மேல். பைக்கையும் அன்றே சரிபாருங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீடு வரவே இரவாகிவிடும், அதற்குமேல் ஸ்பேனரைத் தொட மனம் வராது.

ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதுதான். மறுநாளோடு சேர்த்துக் கட்டினால் இரண்டும் கெடும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் புதன் ஏற்றத்தை 40 நிமிஷ மெதுவோட்டமாக மாற்றுங்கள். எழுந்தவுடன் பார்க்கும் நாடி வழக்கத்தைவிட 7, 8 கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் சைக்கிளைத் தொடவே வேண்டாம்.

இனி முள். கிளுவை வேலியை வெட்டிவிடும் பருவத்தில் இட்டேரி முழுக்க முள்கிளைதான். வேலாமுள்ளும் நெருஞ்சியும் வருஷம் பூராவும் உண்டு. ட்யூபை நம்பினால் ஞாயிற்றுக்கிழமையில் பாதி பஞ்சருக்கே போய்விடும். ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுங்கள். 29 அங்குலச் சக்கரத்தில் 2.25 அங்குல அகல டயர் ஒன்றுக்கு 100 மி.லி. சீலண்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்). இங்கத்திய வெயிலில் இரண்டு மாதத்தில் காய ஆரம்பித்துவிடும். வால்வின் உட்பகுதியான கோரைக் கழற்றி, மெல்லிய ஜிப் டையை உள்ளே விட்டு ஈரம் ஒட்டுகிறதா பாருங்கள். காற்று ஏற மறுத்தால் பம்பைத் திட்டாதீர்கள், கோரின் வாயில் சீலண்ட் ரப்பராக உறைந்திருக்கும், ஊசியால் எடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்கி, ரிம் கல்லில் இடித்தால் ஒன்று ஒன்றாக ஏற்றலாம்.

வழியில் முள்ளைப் பிடுங்கினால் ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள், சீலண்ட் அங்கே தேங்கி அடைக்கும். 3 மி.மீ.க்கு மேல் கிழிந்திருந்தால் ப்ளக் (ரப்பர் திரி) செருகுங்கள். அதுவும் நிற்காமல் ட்யூப் போட நேர்ந்தால், முதலில் ஒரு துணியால் டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் துடைத்து வாருங்கள். இத்தனை நாள் சீலண்ட் அடைத்து வைத்திருந்த முள்முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாமல் போட்ட ட்யூப் பத்து நிமிஷத்தில் மறுபடி இறங்கும்.

செம்மண் புழுதிக்கு ஈர லூப் (எண்ணெய்ப் பசையுள்ள செயின் மசகு) ஆகாது, புழுதி ஒட்டி உப்புத்தாள்போல் செயினைத் தின்னும். மெழுகு லூப் போடுங்கள். பிரேக் பேடு, அதன் பின்தகட்டையும் சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழ் போனால் மாற்ற வேண்டும்.

சாப்பாட்டுக்கு உறையில் வரும் ஜெல் கட்டாயமில்லை. 600 மி.லி. தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இதை மணிக்கு ஒரு பாட்டில், கூடவே ஒரு வாழைப்பழம். முந்தின இரவு அரிசிம்பருப்பு சாதம் நல்லது. கொள்ளும் பயறும் ரேஸ் முடியட்டும், மேட்டில் வயிறு இழுக்கும்.

வருஷத்துக்கு நாலு ரேஸ் தாராளம். சனி தடம் பார்ப்பது, ஞாயிறு ஓட்டுவது என்று ஒவ்வொன்றும் வார இறுதியை முழுசாக எடுத்துக்கொள்ளும், அதனால் வீட்டுக் கணக்கில் அடுத்த ஞாயிறு உங்களுடையதல்ல. ரேஸுக்கு முந்தின கடைசி வாரம் நேரத்தைப் பாதியாக்கி, ஏற்றங்களை நாலிலிருந்து இரண்டாக்குங்கள். புது டயர், புது ஷூ எதையும் அந்த வாரம் மாட்டாதீர்கள். வண்டியில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத்துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். வழியில் யாராவது லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்து, ஸ்டார்ட்டுக்கு அரைமணி முன்னால் ரோட்டர் (பிரேக் வட்டு) உள்ளே நுழையாது.