பல்லுக்கு யாரைப் பார்த்துக் கூச்சம்? ஒரு சொல்லின் வேரைத் தேடும் விதம்

ஐஸ்கிரீமைக் கடித்த என் மகள் "பல் கூசுது" என்றாள். சற்று நேரம் கழித்து, "பல்லுக்கு யாரைப் பார்த்துக் கூச்சம்?" என்று கேட்டாள். ஏழு வயது. நான் பதினெட்டு வருஷமாகப் பிழைதிருத்துபவன். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றிரவு தேட உட்கார்ந்தேன். அப்புறம் எந்தச் சொல்லைத் தேடினாலும் அதே வரிசையில்தான் போகிறேன்.

முதலில் அகராதியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், அந்தச் சொல்லை வாயில் எப்படியெல்லாம் புழங்குகிறோம் என்று எழுதுங்கள். மேடை ஏறக் கூச்சம். அக்குளில் விரல் பட்டால் கூச்சம். வெளிச்சத்தில் கண் கூசுகிறது. புளிப்பில் பல் கூசுகிறது. வாய் கூசாமல் பொய் சொல்கிறான். எழுதிவிட்டு மேலிருந்து கீழே படித்தால் ஒன்று தெரியும்: எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று வந்து படுகிறது, நாம் உள்ளே இழுத்துக்கொள்கிறோம். வெட்கம் என்ற பொருள் அதில் ஒரு கிளை மட்டும் என்பது என் கணிப்பு. மகளுக்கும் அதைத்தான் சொன்னேன்.

அடுத்து வினையைப் பிடியுங்கள். பேசு பேச்சு, வீசு வீச்சு, பூசு பூச்சு. அந்த வரிசையில் கூசு, கூச்சு, அதோடு 'அம்' சேர்ந்து கூச்சம். அச்சத்துக்கு வேறு வரிசை. நடுங்கு நடுக்கம், தயங்கு தயக்கம், ஒடுங்கு ஒடுக்கம் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் இருக்கும் மெல்லினம் போய், வல்லினம் இரட்டிக்கிறது. அதே கணக்கில் அஞ்சு, அச்சம். பயந்து ஒடுங்குகிறவனைச் சொல்லும் சொற்கள் பல இந்த ஒரே அச்சில் வார்த்தவை. எனக்கு இதில் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

வினை அகப்படாவிட்டால் இரவல் சொல்லோ என்று சந்தேகப்படலாம். சங்கோஜம் அப்படி வந்தது. வடமொழியில் சங்கோசம் என்றால் சுருங்குதல். அங்கேயும் சுருக்கம்தான் பாருங்கள். பயமும் வடமொழிதான், ஆனால் இங்கே விதி கொஞ்சம் ஒழுகும். 'பயந்தான்' என்று வினையாகவும் சொல்கிறோமே? அது பயம் என்ற பெயர் வந்து குடியேறிய பிறகு முளைத்த வினை. பழம்பாட்டில் 'பயந்த தாய்' என்று பார்த்தால் பயந்துபோன தாய் என்று நினைத்துவிடாதீர்கள். பெற்ற தாய் என்று பொருள். அந்தப் பயத்தல் அசல் தமிழ், தருதல், ஈனுதல் என்ற பொருளில் வருவது.

இப்போது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம். கூச்சத்தோடு நிறுத்தாமல் 'கூசு' என்ற பகுதியையும் பாருங்கள். தலைச்சொல்லின் மேல் சின்னதாக 1, 2 என்று எண் இருந்தால் அவை ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்கள் அல்ல, வெவ்வேறு சொற்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நாணம் என்பது வில்லின் நாணிலிருந்து வந்தது, நாண் ஏற்றினால் வில் வளைவதுபோல வெட்கத்தில் தலை குனிகிறது என்று ஒரு கூட்டத்தில் அளந்துவிட்டேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. முடிந்ததும் ஒரு பெரியவர் அருகில் வந்து, "அரைஞாண் என்கிறோமே, அதில் ஏன் ஞா வருது தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கயிற்றுக்குப் பழைய வடிவம் ஞாண். நாண் என்பது அதன் திரிபு. வெட்கத்தை யாரும் ஞாணம் என்று சொன்னதில்லை. மலையாளத்தில் இன்றும் வில்லுக்கு ஞாண், வெட்கத்துக்கு நாணம் என்று தனித்தனியாக இருக்கின்றன. கதை அழகாக இருந்தால் அதை இரண்டு மடங்கு சோதியுங்கள்.

அண்டை மொழியைப் பார்ப்பது இதற்காகத்தான். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (திருத்திய பதிப்பு 1984) உறவுச் சொற்கள் பக்கம் பக்கமாக நிற்கும். நாம் பேச்சில் கிட்டத்தட்டக் கைவிட்ட அஞ்சு கன்னடத்தில் உயிரோடு இருக்கிறது: 'அஞ்சபேட' என்றால் அஞ்சாதே.

பழைய நூலில் சொல் எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். சபையில் பேசத் தயங்காமல் இருப்பதற்கு வள்ளுவர் வைத்த பெயர் அவையஞ்சாமை, 73ஆம் அதிகாரம். தகாததைச் செய்யக் கூசுவது நாணுடைமை, 102. நாம் மேடைக் கூச்சம் என்கிற இடத்தில் அவர் நாணைத் தொடவில்லை, அஞ்சுதலைத்தான் வைத்தார்.

சரி, வெட்கத்தை நீங்களே தேடிப் பாருங்கள். வினை தமிழில்தான் இருக்கிறது, பேச்சில் இப்போது இல்லை. கேள் என்பது 'க' சேரும்போது கேட்க ஆகிறதல்லவா? அதே வழியில் 'ட்க'விலிருந்து பின்னோக்கி நடந்தால் 'வெள்கு' என்ற இடத்துக்கு வந்து சேர்வீர்கள்.