ரியோஹா வாங்குறவங்க பண்ற தப்புகள்

ரியோஹாங்கறது ஸ்பெயின்ல ஒரு ஒயின் பகுதி, அங்க வர்ற ஒயினுக்கும் அதே பேருதான். நான் ரெஸ்டாரன்ட்ல ஒயின் ஊத்தற ஆளு, இப்ப புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லியும் குடுக்கறேன். வர்ற ஒவ்வொருத்தனும் நான் அன்னைக்கு பண்ணின அதே கூத்தத்தான் பண்றான். ரியோஜான்னு படிக்கறது, அத திராட்சை பேருன்னு நினைக்கறது இதெல்லாம் நான் கணக்குல சேக்கல, ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்.

கிரான் ரிசர்வாவ டிகான்டர்ல கொட்டறது

இதுதான். இன்னும் எரிச்சல் வருது.

வேலைக்கு சேந்த முதல் வருஷம், ஒருத்தர் 1994 கிரான் ரிசர்வா கேட்டாரு. ரியோஹால அது பேர்போன வருஷம். நான் சீன் போடறேன்னு டீ ஆத்தற மாதிரி உயரத்துலேர்ந்து டிகான்டர்ல, அதான் ஒயின காத்தாட விடற கண்ணாடிக் குடுவையில, ஊத்தி, "கொஞ்சம் மூச்சு விடட்டும் சார்"னு சொல்லி ஒரு மணி நேரம் அப்படியே வச்சிட்டேன். குடிச்சுப் பாத்தா பழ வாசனைன்னு ஒண்ணுமே இல்ல, காஞ்ச இலையும் புளிப்பும்தான் மிச்சம், அதோட அடியில இருந்த கசடு மொத்தமும் கலந்து ஒரே கலங்கல். அவரு ஒண்ணும் சொல்லல, பாதிய அப்படியே வச்சிட்டு எழுந்து போயிட்டாரு, திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துச்சு.

போன வாரம் ஒரு தம்பி அச்சு அசலா அதே வேலைய பண்ணினான்.

கிரான் ரிசர்வான்னா குறைஞ்சது அஞ்சு வருஷம் வச்சு வெளிய விடறது, அதுல ரெண்டு வருஷமாவது 225 லிட்டர் ஓக் பீப்பாயில இருக்கணும். பழைய பாணி பொதேகாக்கள்ல, அதான் ஒயின் தயாரிக்கற இடங்கள்ல, ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி ஒரு பீப்பாயிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்துவாங்க. காத்து படவேண்டியதெல்லாம் அங்கயே பட்டாச்சு. அப்புறம் இருபது முப்பது வருஷம் பாட்டில்ல கிடந்தத திறந்தா, மிச்சம் இருக்கற வாசனை கொஞ்ச நேரந்தான் நிக்கும், அதையும் நீங்க டிகான்டர்ல ஓட்டி விட்டுட்டா குடிக்கறவனுக்கு என்னதான் கிடைக்கும்?

முந்தின நாளே பாட்டில நிமித்தி வைங்க, கசடு அடியில இறங்கட்டும். பழைய கார்க் உதிரும், அதனால ரெண்டு தகடு இருக்கற ஓப்பனர் நல்லது. சாய்ச்சு மெதுவா நேரா கிளாஸ்ல ஊத்துங்க, கழுத்துகிட்ட கசடு வந்தா நிறுத்திடுங்க. டிகான்டர் ஆசை தீரணும்னா இளசா ஒரு க்ரியான்ஸா, அதான் கம்மி நாள் வச்ச ரியோஹா, வாங்கி ஆத்துங்க, அதுக்கு நல்லதுதான்.

வயசு கூடுனா உசத்தின்னு நினைக்கறது

பின்னாடி ஒட்டியிருக்கற சின்ன லேபிள் எவ்ளோ நாள் வச்சாங்கன்னு மட்டுந்தான் சொல்லும். க்ரியான்ஸா ரெண்டு வருஷம், ரிசர்வா மூணு, ரெண்டுலயும் ஓக்ல குறைஞ்சது ஒரு வருஷம். இந்தக் கணக்கே வேணாம்னு பச்சை லேபிள் ஒட்டி, ரிசர்வாவ விட அதிக விலைக்கு விக்கற நல்ல தயாரிப்பாளருங்களும் இருக்காங்க. காரசாரமா ஆட்டுக்கறி சாப்பிடறப்ப எனக்கு க்ரியான்ஸாதான்.

தேங்கா வாசனைய பழுதுன்னு திருப்பி அனுப்பறது

அது அமெரிக்கன் ஓக். வெனிலா, தேங்கா வாசனை அந்த மரத்தோடது. 19ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல பிலாக்ஸெராங்கற பூச்சி தோட்டங்கள அழிச்சப்ப, பிரான்ஸோட போர்தோ ஊரு வியாபாரிங்க ஒயின் தேடி ரியோஹால ஓடற எப்ரோ ஆத்துப் பக்கம் வந்தாங்க, ரயில் வசதி இருந்த ஆரோ ஊர்ல ஸ்டேஷன சுத்தியே பொதேகாக்கள் வந்துச்சு, அவங்களோட சின்ன ஓக் பீப்பா பழக்கமும் இங்க ஊறிப்போச்சு. பிரெஞ்சு ஓக் போடறவங்களும் இப்ப நிறைய.

எல்லா ரியோஹாவும் ஒண்ணுதான்னு சொல்றது

இல்ல. ரியோஹாவுக்குள்ளயே மூணு பகுதி இருக்கு. அல்டாவும் அலவேசாவும் குளிர்ச்சியான பக்கம், டெம்ப்ரானியோ திராட்சையோட ராஜ்ஜியம். கிழக்க ஓரியென்டல் சூடு, கர்னாச்சா திராட்சை நல்லா வரும், ஆல்கஹாலும் தூக்கலா இருக்கும்.

ரூம் டெம்பரேச்சர்

எந்த ரூம்? மே மாசத்து சென்னை ரூமா? 16லேர்ந்து 18 டிகிரி. ஃப்ரிட்ஜ்ல வச்சு அந்த அளவுக்கு கொண்டு வாங்க.

தங்கக் கம்பி வலைக்கு காசு குடுக்கறது

சில பாட்டில்கள சுத்தியிருக்கற அது அலங்காரம். வெட்டிட்டுத் திறங்க.